செத்தவனை எழுப்பக் கூடாது

போன டிசம்பரில் பிரான்சிலிருந்து வந்த என் பேரன், திரும்பிப் போகும்போது தன் பழைய டேப்லெட்டை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். தினசரி படிக்கவும் வாட்ஸ்அப்பில் பேசவும் உதவும் என்று மகள் சொன்னாள். பேரனுக்கு வேறு எண்ணம். "தாத்தா, இதுல ஒரு கேம் போட்டிருக்கேன். பிரெஞ்சிலேயே இருக்கு. நீங்க விளையாடணும். ஆனா சும்மா விளையாடக் கூடாது, சில ரூல்ஸ் இருக்கு" என்றான்.

ரூல்ஸ் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன் நான். எஃப்.ஆர்., எஸ்.ஆர். புத்தகங்கள் என் தலையணைக்குப் பக்கத்தில் இருந்த காலம் உண்டு. எழுபது வயதைத் தாண்டிய கிழவன் வீடியோ கேம் ஆடுகிறான் என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நானும் முதல் வாரம் அப்படித்தான் சிரித்தேன்.

விளையாட்டின் பெயர் ஃபைனல் ஃபேன்டஸி. ஜப்பானில் ஸ்கொயர் என்ற கம்பெனி, 1987 டிசம்பர் 18 அன்று நிண்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டிக்காக வெளியிட்டது. தலைமை தாங்கியவர் ஹிரோனோபு சகாகுச்சி. படம் வரைந்தவர் யோஷிதாகா அமானோ, இசை நோபுவோ உவேமாட்சு. நிரல் எழுதிய நாசிர் ஜெபெல்லி ஈரானில் பிறந்தவர், அமெரிக்காவில் ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு விளையாட்டுகள் எழுதிப் பெயர் வாங்கி, பிறகு ஜப்பானியரோடு வேலை செய்தவர். ஊர்கள், குகைகள், கடல், ஆகாயக் கப்பல் எல்லாம் சேர்ந்த அந்த உலகத்தை அவர்கள் 256 கிலோபைட்டுக்குள் அடக்கியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் நான் போடும் கடற்கரைப் புகைப்படம் ஒன்று அதைப் போலப் பல மடங்கு இருக்கும். இப்போது டேப்லெட்டில் ஓடுவது 2021-ல் மெருகேற்றி வந்த பதிப்பு. ஆட்டம் அதேதான்.

கதை நம் அம்புலிமாமா கதை மாதிரி. உலகம் கெட்டுப்போகிறது, காற்று நின்றுவிட்டது, கடல் கொந்தளிக்கிறது, மண் அழுகுகிறது. கையில் ஆளுக்கொரு ஒளியிழந்த பளிங்கோடு நான்கு பேர் வருகிறார்கள். அவர்கள் முதலில் போய் நிற்கும் நாட்டின் பெயர் கோர்னேலியா. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு உடனே கோர்னேய் ஞாபகம் வந்துவிட்டது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆரம்பத் திரையிலேயே நான்கு பேரையும் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். போர்வீரன், திருடன், மல்லன், சிவப்பு, வெள்ளை, கறுப்பு மந்திரவாதிகள் என்று ஆறு வகை. ஒரே வகையைத் திரும்பவும் எடுக்கலாம். பழைய பழக்கத்தில் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன்: 126 விதமான கூட்டணிகள் வருகின்றன. புத்தியுள்ளவன் ஒரு வீரன், ஒரு மல்லன், ஒரு வைத்தியர், ஒரு மந்திரவாதி என்று கலந்து எடுப்பான். நான்கும் வெள்ளை மந்திரவாதியாக எடுப்பது, கபடிக்கு நான்கு டாக்டர்களை அனுப்புவது மாதிரி. காயம் கட்டுவார்கள், நோய் தீர்ப்பார்கள். அடிக்கச் சொன்னால் சுத்தியலை வைத்துக்கொண்டு தடவுவார்கள். ஆனால் "அப்படி எடுக்காதே" என்று விளையாட்டு எங்கும் தடுக்கவில்லை. செய்தவர்கள் அந்தக் கதவைத் தெரிந்தே திறந்து வைத்தார்களா, மூட மறந்தார்களா? எப்படியோ, அந்தக் கதவு வழியாக இத்தனை வருடமாக உலகமெங்கும் ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒற்றை வெள்ளை மந்திரவாதியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற மூவரையும் பிணமாகவே கூட்டிக்கொண்டு போய், கடைசி அரக்கனை ஜெயித்தவர்கள்கூட உண்டு.

இப்படித் தனக்குத் தானே விதி போட்டுக்கொண்டு ஆடுவதற்கு ஜப்பானியர் வைத்த பெயர் "ஷிபாரி ப்ளே". ஷிபாரி என்றால் கட்டுதல். இதைப் பேரன் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம் இலக்கணத்தில் யாப்பு என்ற சொல்லுக்கும் அதே பொருள்தானே? நம் ஊருக்குப் பக்கத்தில் நல்லாத்தூரில் சமாதி கொண்டிருக்கும் துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகளைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். திருச்செந்தூரில் ஒரு புலவரோடு போட்டி. உதடு ஒட்டாத எழுத்துகளாலேயே, யமகமும் அந்தாதியுமாகப் பாட வேண்டும், தோற்றவன் அடிமை. சுவாமிகள் முப்பது பாட்டுப் பாடி முடித்தார், எதிராளிக்கு ஒன்றுகூட ஓடவில்லை என்பது கதை. திருச்செந்தூரில் நின்றுகொண்டு, உதடு ஒட்டாமல் பாட வேண்டுமென்றால் "முருகா" என்று கூப்பிடவே முடியாது! சொல்லிப் பாருங்கள், முதல் எழுத்திலேயே வாய் மூடிக்கொள்ளும்.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். இதில் எனக்கு மிகவும் பிடித்துப்போன சரித்திரம், சாவின் சரித்திரம்.

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று காகிதமும் பென்சிலும் பகடையும் வைத்து ஆடும் ஒரு விளையாட்டை வெளியிட்டார்கள். கதாபாத்திரமாக நடித்து ஆடும் விளையாட்டுகளுக்கெல்லாம் பாட்டன் அதுதான். கம்ப்யூட்டருக்கு அது பல பெயர்களில் வந்தது. 1980 வாக்கில் கலிபோர்னியாவில் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய ரோக் என்ற விளையாட்டில் செத்தால் செத்ததுதான். பாதியில் நிறுத்திச் சேமித்து வைத்ததைத் திரும்பத் திறந்தால், அந்தக் கோப்பையே அழித்துவிடும். 1981-ல் வந்த விசார்ட்ரி கொஞ்சம் இரக்கம் காட்டியது. கோயிலில் காணிக்கை கட்டினால் செத்தவனை எழுப்பிப் பார்ப்பார்கள். பலிக்காவிட்டால் உடம்பு சாம்பலாகிவிடும். சாம்பலையும் எழுப்பிப் பார்க்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் ஆள் பட்டியலிலிருந்தே போய்விடுவான். சாவு நடந்த கணமே டிஸ்கில் பதிவாகிவிடும் என்பதால், பதிவாவதற்குள் டிஸ்கை உருவியவர்களும் உண்டாம். மனித சுபாவம்.

அந்த விசார்ட்ரி ஜப்பானில் சக்கைப்போடு போட்டது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் சிறுவர்களுக்காக விளையாட்டு செய்தபோது சாவின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். ஃபைனல் ஃபேன்டஸியில் பெரும்பாலான ஊர்களில் ஒரு கோயில். பணம் கட்டினால் ஆள் எழுந்துவிடுவான், தவறவே தவறாது. அதோடு நிற்கவில்லை. 1987 பெட்டியில் விடுதியில் தங்கினாலோ, வெட்டவெளியில் கூடாரம் போட்டாலோ மட்டுமே ஆட்டத்தைச் சேமிக்கலாம், அதுவும் ஒரே ஒரு இடத்தில். குகைக்குள் மூன்றாம் அடுக்கில் செத்தால், மூன்று அடுக்கும் மறுபடி இறங்க வேண்டும். இன்றைய பதிப்பிலோ, படியேறினாலும் கதவு தாண்டினாலும் தானாகவே சேமித்துக்கொள்கிறது. சாவு என்பது கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினால் மறையும் தூசியாகிவிட்டது.

செய்தவர்கள் இப்படிப் படிப்படியாகச் சாவை ஒழித்துக்கொண்டு வர, ஆடுகிறவர்கள் அதைத் தாங்களாகவே திரும்பக் கூட்டி வந்தார்கள். 2010-ல் அமெரிக்காவில் ஒரு இளைஞர் போகிமான் விளையாட்டை இரண்டு விதிகளோடு ஆடி, அதைச் சித்திரக்கதையாக வரைந்தார். ஒவ்வோர் இடத்திலும் முதலில் எதிர்ப்படும் பிராணியை மட்டுமே பிடிக்கலாம். மயங்கி விழுந்தது செத்ததாகக் கணக்கு, விட்டுவிட வேண்டும். நஸ்லாக் என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவியது. சேர்ந்துகொண்ட இன்னொரு வழக்கம், ஒவ்வொரு பிராணிக்கும் பெயர் வைப்பது. விஷமே அதில்தான் இருக்கிறது. பெயர் வைத்தபின் சாவு வேறு மாதிரி. ஃபைனல் ஃபேன்டஸியின் ஐந்தாம் பாகத்தை வைத்து 2009 முதல் வருடாவருடம் ஒரு திருவிழாவே நடக்கிறது. எந்தத் தொழில் வரும் என்பதைச் சீட்டு முடிவு செய்யும். வந்ததை வைத்துக் கடைசி வரை போக வேண்டும்.

விதியில்லாமல் ஆடினால் அலுத்துவிடும், அதனால்தான் இதெல்லாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியர் கோர்னேயின் 'லெ சித்' நாடகத்தை நடத்தியது ஞாபகம் வருகிறது. ஒரே நாள், ஒரே இடம், ஒரே கதை என்பது அந்தக் காலத்து நாடக விதி. ஒரு சண்டை, நாயகியின் தகப்பன் சாவு, ராத்திரியில் மூர்களோடு போர், அரசன் முன் வழக்கு, மறுபடி ஒரு சண்டை எல்லாம் இருபத்துநாலு மணி நேரத்துக்குள்! ஆசிரியர் விரல் விட்டு மணிக்கணக்குப் போட்டுக் காட்டுவார், வகுப்பே சிரிக்கும். 1637-ல் ஊரே கொண்டாடிய அந்த நாடகத்தை, விதி மீறினாய் என்று பண்டிதர்கள் குதறினார்கள். கோர்னேய்க்கு விதி வெளியிலிருந்து வந்தது, தணிக்கைக்கு ஆள் இருந்தார்கள். எனக்கும் உத்தியோகத்தில் அப்படித்தான்: விதி மேலிருந்து வரும், ஆடிட் பார்ட்டி வருடா வருடம் வரும். டேப்லெட்டில் எனக்கு ஆடிட் கிடையாது. மீறினால் யாருக்கும் தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாக அப்படி ஒரு விதி.

பேரன் போட்ட விதிகள் மூன்று. நான்கு பேரும் வெள்ளை மந்திரவாதிகள். செத்தவனை எழுப்பக் கூடாது. தானாகச் சேமித்ததைத் திறந்து பின்னால் போகக் கூடாது. பெயரை நான் வைத்துக்கொள்ளலாம்.

பெயர் வைக்க நான் அதிகம் யோசிக்கவில்லை. பள்ளியில் ஒரே பெஞ்சில் நாங்கள் நான்கு பேர். 62-க்குப் பிறகு ஒருவன் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய் அங்கேயே ஓய்வு பெற்றான். ஒருவன் கொரோனா வருடத்தில் போய்விட்டான். ஒருவன் இங்கேதான், தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் என்னோடு நடப்பவன். நான்காவது நான். பட்டப்பெயர்களைச் சுருக்கிப் போட்டேன். அவை அச்சில் வரத் தக்கவை அல்ல.

முதல் ஒரு வாரம் கோர்னேலியாவின் மதில் ஓரத்தை விட்டு நகரவில்லை. நான்கு டாக்டர்கள், நான்கு சுத்தியல்கள். ஒரு ஓநாயை அடித்துப் போடுவதற்குள் நமக்குப் பாதி உயிர் போய்விடும். மந்திரமும் எண்ணிக்கைப்படிதான், இரண்டோ மூன்றோ தடவை சொன்னால் அன்றைய கோட்டா முடிந்தது, விடுதிக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆனால் பேய் பிசாசு வந்தால் எங்கள் ராஜ்ஜியம். எலும்புக்கூட்டையும் பிணங்களையும் சுடும் வெளிச்ச மந்திரம் வெள்ளைக்காரருக்குத்தான் உண்டு (வெள்ளை அங்கிக்காரர் என்று படிக்கவும்). இளவரசியைக் கடத்திய கார்லண்டை அடித்து வீழ்த்தியபோது அரசன் ஆற்றுக்குப் பாலம் கட்டிக் கொடுத்தான். அந்தப் பாலத்தைத் தாண்டியபிறகுதான் விளையாட்டின் தலைப்பே வருகிறது. அதுவரை பட்ட பாடெல்லாம் முன்னுரையாம்.

பழைய பெட்டியின் நிரலைப் பிற்காலத்தில் ரசிகர்கள் பிரித்துப் படித்தபோது கண்டுபிடித்த தவறுகளைப் பேரன் சொன்னான். அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் ரசிப்பார்கள். ஒவ்வோர் ஆளுக்கும் 'அறிவு' என்று ஒரு கட்டம் உண்டு. ஆள் வளர வளர அதில் எண் ஏறும். ஆனால் அந்த எண்ணை எந்தக் கணக்கிலும் எடுத்துக்கொள்ளவில்லை! அறிவு ஏறினாலும் ஏறாவிட்டாலும் மந்திரத்தின் பலன் ஒன்றுதான். இன்னொன்று: ஓர் ஆயுதம் எத்தனை முறை பலத்த அடி விழச் செய்யும் என்ற கணக்குக்கு, அதற்கான எண்ணை விட்டுவிட்டு ஆயுதப் பட்டியலின் வரிசை எண்ணை எடுத்திருக்கிறார்கள். ஸ்டேட்மென்டில் தொகைப் பத்தியை விட்டுவிட்டு வ.எண் பத்தியைக் கூட்டிவிட்டார்கள் என்று சொன்னால் நம் ஆட்களுக்குப் புரியும். பின்னால் வந்த பதிப்புகளில் திருத்திவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கடல் கடந்து, கடற்கொள்ளையரை ஜெயித்துக் கப்பல் வாங்கி, எல்ஃப்களின் ஊருக்கு வந்தோம். அவர்கள் இளவரசன் சாபத்தால் தூங்குகிறான். தெற்கே சதுப்பு நிலத்தில் ஒரு குகை. அதன் அடியில் ஒரு மகுடம். எங்கு பார்த்தாலும் விஷம். நான்கு வைத்தியர்கள் என்பதால் பிழைத்தோம் என்று சொல்ல வேண்டும். வீரர்களோடு வந்தவர்கள் அழுதுகொண்டே போகும் குகை அது. எங்கள் ஆட்டத்தில் அன்றுதான் முதல்முறையாக எனக்குக் கர்வம் வந்தது. மகுடத்தோடு நான்கு பேரும் உயிரோடு வெளியே வந்தபோது ராத்திரி பன்னிரண்டு மணி. என் மனைவி விளக்கை அணைக்கச் சொல்லி மூன்றாம் முறை சத்தம் போட்டாள்.

அந்த மகுடத்தை ஒரு பாழடைந்த கோட்டையில் தனியாக உட்கார்ந்திருக்கும் அரசனிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போதுதான் அவன் அரசன் இல்லை, இளவரசனுக்குச் சாபம் போட்ட ஆஸ்டோஸ் என்று தெரிகிறது. அவனிடம் மரண மந்திரம் ஒன்று உண்டு. உயிர் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி, பட்டால் போச்சு. அவன் வாயைக் கட்ட நான் மௌன மந்திரத்தை இரண்டு முறை ஏவினேன், இரண்டும் பலிக்கவில்லை. மூன்றாவது சுற்றில் அவன் கையைத் தூக்கினான். விழுந்தது என் கடற்கரை நண்பன்.

மீதி மூவரும் சுத்தியலால் அடித்தே ஆஸ்டோஸை முடித்தோம். ஜெயித்தது பெரிதாகப் படவில்லை. திரையில் மூன்று பேர் நிற்க, ஒருவன் கீழே கிடந்தான்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். அந்த வாரம்தான் அவனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பத்து நாள் நடைக்கு வரக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. நான் சகுனம் பார்க்கிறவன் அல்ல. ஆனாலும் கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோட்டைக்குள் நுழைந்தபோது தானாகச் சேமித்தது அங்கேயே இருக்கிறது. ஒரு தட்டு. அவன் எழுந்துவிடுவான். பேரன் பிரான்சில் தூங்குகிறான், ஆடிட் கிடையாது. விரலைக் கொண்டுபோனேன் என்பதை மறைக்கவில்லை. இரண்டு முறை கொண்டுபோனேன். அப்புறம் மூடி வைத்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

காலையில் அவன் வீட்டுக்கே போனேன். மோர் கொடுத்தார்கள். அவன் மனைவி உள்ளே போனதும் விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் செத்துட்டேன்றே" என்றான்.

"ஆமாண்டா."

"மத்த மூணு பேரும் உசிரோட இருக்கீங்களா? அவன் கூடவா?" கொரோனாவில் போனவனைக் கேட்டான்.

"அவன்தான்டா இப்ப முன்னால நிக்கறான்."

அவன் சிரித்த சிரிப்பில் அவன் மனைவி பயந்துபோய் வெளியே எட்டிப் பார்த்தார். "பென்ஷன் ஆபீஸ்ல மட்டும் சொல்லிடாதே. நவம்பர்ல உயிரோட இருக்கேன்னு சர்டிஃபிகேட் குடுத்து இன்னும் மை காயல" என்றான். பிறகு கொஞ்சம் சீரியஸாகவே, "திருத்தாதே. முப்பது வருஷம் ஒரு ரெஜிஸ்டர்ல ஒயிட்னர் போடாத ஆளு நீ. எனக்காகப் போடாதே. ஆனா ஒண்ணு, என் சுத்தியலை அந்த பிரான்ஸ்காரன்கிட்ட குடுத்துடாதே" என்றான்.

சுத்தியலைக் கொரோனாவில் போனவனுக்குக் கொடுத்தேன்.

செத்தவனைக் குழுவிலிருந்து நீக்க இந்த விளையாட்டில் வழியில்லை. அவனைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டு, கூடவே கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். குள்ளர்கள் பாறையைத் தகர்த்துக் கடலுக்கு வழி விட்டபோதும் அவன் கூட இருந்தான். இப்போது மெல்மண்ட் என்ற ஊரில் இருக்கிறோம். மண் செத்துக்கொண்டிருக்கும் ஊர். பக்கத்தில் மண்ணைக் கெடுக்கும் லிச்சின் குகை. இன்னும் இறங்கவில்லை.

அந்த ஊர் மந்திரக் கடையில்தான் செத்தவரை எழுப்பும் வெள்ளை மந்திரம் விற்கிறது. வாங்கப் பணமும் இருந்தது. உள்ளே போனேன், பட்டியலைப் பார்த்தேன், வெளியே வந்துவிட்டேன்.

நண்பன் இப்போது மறுபடி நடக்க வருகிறான், டூப்ளே சிலை வரைக்கும்தான். தினமும் முதல் கேள்வி, "எங்கடா இருக்கோம்?" கடையைப் பற்றிச் சொன்னபோது நின்றுவிட்டான்.

"என்ன விலை போட்டிருக்கான்?"

சொன்னேன்.

"அவ்வளவெல்லாம் நான் பெறமாட்டேன்டா" என்றான். நடந்தோம்.